வேலையைத் துண்டாக்கினால் கூலி குறையும்: அந்நியமாதல் பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைகளில் இரண்டு விதமான செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று வணிகப் பக்கத்தில் வருவது: உலகச் சொத்தில் 76 சதவீதம் மேல்தட்டு 10 சதவீதத்தினர் கையில் இருக்கிறது, கீழ்ப்பாதி மக்களிடம் இருப்பது வெறும் 2 சதவீதம் என்பது போன்ற செய்தி. (2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை தரும் கணக்கு இது.) இன்னொன்று உடல்நலப் பக்கத்தில் வருவது: வேலையில் சலிப்பு, தூக்கமின்மை, திங்கட்கிழமை காலை வந்தாலே வயிற்றைப் பிசைவது, அதற்கு மூச்சுப்பயிற்சி. முதல் செய்தியில் ‘வர்க்கம்’ என்ற சொல் எட்டிப்பார்க்கும். இரண்டாவதில் எப்போதாவது ‘அந்நியமாதல்’ வரும். ஒரே நாளிதழில் நாலு பக்க இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

இரண்டும் ஒரே ஏற்பாட்டின் விளைவுகள். அந்த ஏற்பாட்டைக் கைக்கடிகாரமும் கணக்குப் புத்தகமும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் சரிபார்த்துவிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல். ‘அந்நியமாதல்’ என்று தமிழில் நிலைத்துவிட்டது. ‘ஆதல்’ என்றதும் பால் தயிராவது போல அது தானாக நடக்கிற காரியம் என்று தோன்றிவிடுகிறது. ‘அந்நியமாக்கப்படுதல்’ என்பதே பொருளுக்கு நெருக்கம். வாய்க்கு வராத சொல், அதனால் பழைய சொல்லையே வைத்துக்கொள்வோம். ஆக்குபவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மார்க்ஸ் 1844இல் பாரிஸில் இருந்தபோது எழுதிய குறிப்புகளில் இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அவை அச்சேறியது 1932இல்தான். அவர் காட்டும் பிளவுகள் நான்கு. செய்து முடித்த பொருள் செய்தவருடையதாக இருப்பதில்லை. செய்கிற செயலும் அவருடையதாக இருப்பதில்லை: கை அவருடையது, அது எப்போது எந்தப் பக்கம் எத்தனை தடவை அசைய வேண்டும் என்ற முடிவு இன்னொருவருடையது. மூன்றாவது, முன்கூட்டி மனத்தில் ஒன்றை வரைந்து பிறகு கையால் ஆக்குவது என்ற மனிதருக்கே உரிய ஆற்றல், வயிற்றுப்பாட்டுக்கான வழியாகச் சுருங்கிவிடுகிறது. நான்காவது, பக்கத்தில் நின்று வேலை செய்பவர் கூட்டாளியாக இல்லாமல் போட்டியாளராகவோ கண்காணிப்பவராகவோ மாறிவிடுகிறார். கவனியுங்கள், இந்த நான்கில் ஒன்றுகூட ‘மனசு சரியில்லை’ என்பதல்ல. பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்பவருக்கும் இந்த நான்கும் பொருந்தலாம். சொந்தப் பட்டறையில் எல்லோரையும் திட்டிக்கொண்டே வேலை செய்பவருக்கு ஒன்றுமே பொருந்தாமலும் போகலாம்.

தமிழில் ‘வேலை வாங்குவது’ என்று சொல்கிறோமே, மார்க்ஸ் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விளக்கிய சங்கதி அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. முதலாளி சந்தையில் விலைக்கு வாங்குவது ஒருவருடைய எட்டு மணி நேரத்தை, அதாவது உழைக்கும் சக்தியை. காசு கொடுத்தாயிற்று என்பதால் வேலை தானாக வந்துவிடாது. அதைத் தனியாக, ஒவ்வொரு நிமிடமும், ‘வாங்க’ வேண்டியிருக்கிறது. மேற்பார்வையாளர், டார்கெட், கேமரா, அபராதம், ஊக்கத்தொகை எல்லாம் இந்த இரண்டாவது வாங்கலுக்கான கருவிகள். நேரத்துக்குக் கொடுத்த விலைக்கும், அந்த நேரத்திலிருந்து பிழிந்த வேலை உண்டாக்கிய புது மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் உபரி. எட்டு மணி நேரத்தில் ஒருவர் 800 அலகு புது மதிப்பு சேர்த்து 400 அலகு கூலி வாங்கினால், நான்கு மணி நேரம் தனக்காக, நான்கு மணி நேரம் பிறருக்காக. இந்த இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் கோட்டை நகர்த்த வழிகள் சில உண்டு: வேலை நேரத்தை நீட்டுவது, வேகத்தைக் கூட்டுவது, கூலியை மலிவாக்குவது. மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தின் குண்டூசிப் பட்டறை தெரியும். 1776இல் அவர் கொடுத்த கணக்கு: குண்டூசி செய்வதில் சுமார் 18 படிகள், பத்துப் பேர் அவற்றைப் பிரித்துக்கொண்டு செய்தால் நாளுக்கு 48,000 ஊசி, தனித்தனியாக, பழக்கமில்லாமல் செய்தால் ஆளுக்கு இருபதுகூடத் தேறாது. வேலைப் பிரிவினையால் செல்வம் பெருகும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டு இதுதான். அதே நூலின் பிற்பகுதியில், வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு எளிய செயல்களையே செய்பவர் சிந்திக்கும் பழக்கத்தையே இழந்து, ஒரு மனிதர் எவ்வளவு மந்தமாக முடியுமோ அவ்வளவு மந்தமாகிவிடுவார் என்று அவரே எச்சரித்திருக்கிறார். சந்தையின் எதிரி எவரும் சொன்னதல்ல இது. குண்டூசி பாடத்தில் இருக்கிறது, எச்சரிக்கை இல்லை.

ஸ்மித் வேகத்தைத்தான் பார்த்தார். கூலியைப் பார்த்தவர் சார்லஸ் பாபேஜ். கணிப்பொறியின் முன்னோடி என்று பெயர் பெற்ற அதே பாபேஜ்தான். 1832இல் அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு வேலையை முழுதாக ஒருவரிடம் கொடுத்தால், அதில் இருக்கும் மிகக் கடினமான பகுதிக்கு வேண்டிய திறமைக்கான கூலியை அவருடைய முழு நேரத்துக்கும் கொடுக்க வேண்டும். துண்டுகளாக்கினால், ஒவ்வொரு துண்டுக்கும் தேவையான அளவு திறமையை மட்டும் அளந்து வாங்கலாம்.

எண்ணில் போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்கு 10 மணி நேரம் ஆகிறது. அதில் 2 மணி நேரம் கைத்தேர்ச்சி வேண்டிய பகுதி, அதற்குக் கூலி மணிக்கு 30 அலகு. மீதி 8 மணி நேரம் யாரும் செய்யக்கூடியது, மணிக்கு 10 அலகு. முழு வேலையும் தேர்ந்தவர் ஒருவரிடம் இருந்தால் செலவு 300. பிரித்தால் 60ம் 80ம் சேர்ந்து 140. வேலை ஒரு விநாடிகூட விரைவாகவில்லை, புது இயந்திரம் எதுவும் வரவில்லை. 160 அலகு எங்கிருந்து மிச்சமானது? கூலியிலிருந்து. முன்பு ஒரே ஆளிடம் இருந்த திட்டமும் கைப்பக்குவமும் பிரிக்கப்பட்டதே அந்த மிச்சத்துக்கு வழி.

எல்லா முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. எட்டு மணி நேரத் துண்டில் நிற்பவருக்கு அந்த இரண்டு மணி நேரத் துண்டின் சூட்சுமம் கண்ணில் படவே படாது. பழகி மேலே ஏறுவதற்கான ஏணியும் வேலையோடு சேர்ந்தே அறுக்கப்பட்டுவிட்டது. அவரை நாளைக்கே மாற்றிவிடலாம் என்பதால் அவரால் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடியாததால் கூலி ஏறாது. கூலி ஏறாததால் சேமிப்பு இல்லை. சேமிப்பு இல்லாதவர் அடுத்த துண்டு வேலையையும் மறுக்க முடியாது. ஸ்மித்தே இதைக் கணக்கிட்டிருக்கிறார்: தகராறு வந்தால் முதலாளிகள் கையிருப்பை வைத்து ஓரிரண்டு ஆண்டு தாக்குப்பிடிப்பார்கள்; வேலையில்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாத தொழிலாளர்கள் ஏராளம், ஒரு மாதம் ஓட்டக்கூடியவர்கள் சிலர், ஓர் ஆண்டு என்றால் அநேகமாக யாருமில்லை. சலிப்பு உடல்நலப் பக்கத்துக்கும் ஏற்றத்தாழ்வு வணிகப் பக்கத்துக்கும் போய்ச் சேருகிற வழி இதுதான்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறோம். தொழில்கள் பிரிவது வேறு, ஒரு தொழிலுக்குள்ளேயே வேலையைத் துண்டாக்குவது வேறு. கண் மருத்துவரும் கொத்தனாரும் தனித்தனியாக இருப்பதில் யாரும் தேய்ந்துபோவதில்லை. இருவருமே தம் வேலையின் தலையையும் வாலையும் அறிந்தவர்கள். வலது பக்க நான்காவது திருகாணியை மட்டும் முடுக்குபவரின் கதை அப்படியல்ல. ‘நிபுணத்துவம்’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் போட்டு மூடிவிடுவது வசதியான வழக்கமாகிவிட்டது.

பாபேஜின் கணக்கைத் தொழிற்சாலைத் தளத்துக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர். 1911இல் வெளியான தம் நூலில் அவர் பெருமையோடு சொல்லும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பெத்லஹெம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து வண்டியில் ஏற்றியவரைப் பற்றியது. நாளுக்கு 12.5 டன் ஏற்றியவரை 47.5 டன் ஏற்றவைத்தார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை 3.8 மடங்கு, கூலி 1.6 மடங்கு. இந்தக் கதையின் விவரங்களைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். அது இருக்கட்டும், இது நியாயமான பங்கீடு என்று அவரே எண்ணி அச்சில் போட்டார் என்பதுதான் நமக்கு முக்கியம். எப்போது தூக்குவது, எப்போது நிற்பது, எப்போது உட்காருவது என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்பவர் சொல்வார், சுமப்பவர் யோசிக்க வேண்டியதில்லை என்பது அந்த முறையின் அடிப்படை.

நேர அளவீட்டை ‘விஞ்ஞானம்’ என்று நம்புபவர்களுக்காக அதன் உள்விவரம். பார்ப்பவர் ஒரு செயலைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறார். 50 விநாடி என்று வைப்போம். அடுத்து, செய்பவரின் வேகத்துக்கு மதிப்பெண் போடுகிறார். சாதாரண வேகம் 100. இவர் வேகமானவர் என்று 110 போட்டால் இயல்பு நேரம் 55 விநாடி. களைப்பு, தண்ணீர், கழிப்பறை இவற்றுக்காக 10 சதவீதம் சேர்த்தால் 60.5 விநாடி. சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிஃப்டில் 27,000 விநாடி இருந்தால், டார்கெட் 446 உருப்படி. அதே ஆளை, ‘இவர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்’ என்று நினைத்து 90 போட்டால், இயல்பு நேரம் 45, சலுகையோடு 49.5 விநாடி, டார்கெட் 545. ஒரே ஆள், ஒரே கை, கடிகாரத்தில் ஒரே 50 விநாடி. பார்த்தவரின் அபிப்பிராயம் மட்டும் மாறியதில் 99 உருப்படி கூடிவிட்டது. மூன்று இலக்கத் துல்லியத்தோடு சுவரில் ஒட்டப்படும் எண்ணுக்குள் ஒருவர் கண்ணால் போட்ட மதிப்பெண் ஒளிந்திருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த மதிப்பெண் போட்ட தாளைத்தான். பலரும் கூலி விகிதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

தொழிலாளர்களும் சும்மா இருப்பதில்லை. சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் மின்கம்பி இணைப்பு அறையில் 14 பேரை ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. ஆனாலும் ‘ஒரு நாளுக்கு இவ்வளவுதான்’ என்று குழு தனக்குள் ஓர் அளவு வைத்திருந்தது. அதைத் தாண்டுபவருக்குக் கேலிப்பெயர், மீறினால் மேற்கையில் ஒரு குத்து. அளவுக்குக் கீழே போகிறவருக்கும் வேறொரு கேலிப்பெயர் உண்டு. இதைச் சோம்பல் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தத் தொழிலாளர்கள் பயந்தது எளிய விஷயம்: இன்று அதிகம் செய்து காட்டினால் நாளை உருப்படிக்கான விலையைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள். அதனால் கைவசம் இருந்த நெளிவுசுளிவுகளை மறைத்தார்கள். தனக்குத் தெரிந்த நல்ல வழியை மறைத்து வைப்பதுதான் தன் நலத்துக்கு நல்லது என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளுகிற ஏற்பாட்டை விரயம் என்று எந்த மேலாண்மைப் பள்ளியும் கணக்கில் எழுதுவதில்லை.

அமெரிக்காவில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் ஆலைக்கு வருவோம். 1913இல் அங்கே, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காந்தச் சக்கரப் பகுதியை ஒருவர் முழுதாகப் பூட்ட சுமார் 20 நிமிடம் ஆனது. அதை 29 செயல்களாகப் பிரித்து வரிசையில் ஓடவிட்டார்கள்: 13 நிமிடம் 10 விநாடி. வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள்: 7 நிமிடம். பிறகு வேகத்தைச் சரிப்படுத்தியதில் 5 நிமிடம். அந்த எட்டு அங்குலத்தை மட்டும் பாராட்டலாம். குனிவது நின்றது, முதுகுக்கு நல்லது. மற்றதன் பலன் அதே ஆண்டில் தெரிந்தது: ஆட்கள் நிற்கவில்லை. 1913இல் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 370 சதவீதம். 14,000 பேரைத் தக்கவைக்க ஓர் ஆண்டில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ‘நாளுக்கு ஐந்து டாலர்’ இந்த ஓட்டத்தை நிறுத்துவதற்குக் கொடுத்த விலை. அதில் பாதிக்கும் குறைவானதே கூலி. மீதி லாபப் பங்கு என்ற பெயரில், ஆள் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார், குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று ஆலையின் ஆட்கள் வந்து விசாரித்துத் திருப்தியடைந்தால் மட்டுமே.

நிறுவனர் ஹென்றி ஃபோர்டு 1922இல் தாமே வெளியிட்ட ஒரு கணக்கு இன்னும் கூர்மையானது. தம் ஆலை வேலைகளில் 43 சதவீதத்தை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம், 36 சதவீதத்துக்கு ஒரு நாள் முதல் எட்டு நாள் போதும் என்கிறார். இரண்டையும் கூட்டினால் 79 சதவீதம். ஐந்தில் நான்கு பேரை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம் என்பதைத்தான் அவர் சாதனையாகச் சொல்கிறார். ‘உங்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்க எத்தனை நாள் ஆகும்?’ இந்த ஒரு கேள்விக்கான பதிலை வாங்கிவிட்டால், அந்த வேலையின் கூலி, மரியாதை, களைப்பு மூன்றையும் ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

‘வேலைத் திருப்தி’ ஆய்வுகள் இதைப் பிடிப்பதில்லை. காரணம் சிக்கலானதல்ல. தாங்க முடியாமல் போனவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். ஆய்வுத்தாளை நிரப்புபவர்கள் மிஞ்சியவர்கள் மட்டுமே. மிஞ்சியவர்களும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டவர்கள். பெயர் தெரியாது என்று சொல்லப்பட்டாலும், துறையையும் வயதையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படி வந்த ‘81 சதவீதம் திருப்தி’ போன்ற எண்ணை அப்படியே தலைப்பாக்குவது நல்லதல்ல.

கணக்குப் புத்தகத்தின் பக்கத்துக்கு வருகிறோம். ஒரு நிறுவனத்தில் உண்டான புது மதிப்பில் உழைப்பவர்களுக்கு எவ்வளவு போகிறது என்பதை ஆண்டறிக்கையை வைத்தே கணக்கிடலாம். மொத்த வருவாயிலிருந்து வெளியே வாங்கிய மூலப்பொருள், மின்சாரம், சேவைகளின் செலவைக் கழியுங்கள். இயந்திரத் தேய்மானத்தையும் கழியுங்கள். மீதிதான் நிகர மதிப்புக்கூட்டல். ஊழியர் செலவை அதால் வகுத்தால் பங்கு கிடைக்கும். வருவாய் 1,000, வெளிச்செலவு 600, தேய்மானம் 40, மீதி 360. ஊழியர் செலவு 126 என்றால் பங்கு 35 சதவீதம்.

இதோடு நின்றால் ஏமாந்துபோவீர்கள். கான்ட்ராக்ட் ஆட்களின் கூலி ஊழியர் செலவில் வராது. ‘பிற செலவு’ அல்லது ‘சேவைக் கட்டணம்’ என்ற தலைப்பில் புதைந்திருக்கும். அந்த 600இல் 54 அப்படிப்பட்ட கூலி என்று வைத்துக்கொண்டால், மதிப்புக்கூட்டல் 414 ஆகும், ஊழியர் செலவு 180 ஆகும், பங்கு 43.5 சதவீதம். இது முதலாளிக்குச் சாதகமான திருத்தம். நேர்மை என்றால் அதையும் செய்ய வேண்டும். அடுத்த திருத்தம் எதிர்ப்பக்கம்: தலைமை நிர்வாகிகளின் ஊதியமும் அதே ‘ஊழியர் செலவு’க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அது 18 என்றால், கழித்தபின் 162, பங்கு 39.1 சதவீதமாக இறங்கும். சராசரிச் சம்பளத்தையும் நம்ப வேண்டாம். உச்சியில் இருக்கும் நாலு பேர் அதைத் தூக்கிவிடுவார்கள். வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். ஒரே ஆண்டைப் பார்ப்பதிலும் பயனில்லை. பத்தாண்டுகளை அடுத்தடுத்து வைத்து, பக்கத்திலேயே ஆளுக்கு எத்தனை உருப்படி என்ற எண்ணையும் வைத்தால்தான் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

செயலி வழி வேலை புதுமை என்று சொல்லப்படுகிறது. அது உருப்படிக் கூலியின் மறுபிறப்பு. ‘மணிக்கு 100 அலகு சம்பாதிக்கலாம்’ என்பது விளம்பரம். 10 மணி நேரம் செயலியைத் திறந்து வைத்திருப்பவருக்கு 6 மணி நேரத்துக்குத்தான் வேலை வந்தது, வரவு 600. எரிபொருள், வண்டித் தேய்மானம், கைப்பேசி எல்லாம் அவர் செலவு, 150. மீதி 450ஐ 10 மணி நேரத்தால் வகுத்தால் 45. காத்திருந்த நேரத்தின் நட்டம் நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கி அவர் தோளில் ஏறியிருக்கிறது. உபெர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே, பயணத்துக்குத் தயாராகச் செயலியை இயக்கிக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது இந்தக் கணக்கின் முக்கியப் புள்ளியைத்தான் தொட்டது. சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்கவாவது முடிந்தது. செயலியை இயக்கும் நிரலிடம் அதுவும் இல்லை: தனக்கு வேலை ஏன் வரவில்லை, மதிப்பெண் ஏன் இறங்கியது என்று தெரியாமலே ஒருவர் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது.

மாற்று வழிகள் முயலப்படாமல் இல்லை. வேலைச் சுழற்சியைப் பெரிய சீர்திருத்தமாகச் சொல்வார்கள். ஒரு சலிப்பான வேலைக்குப் பதிலாக நான்கு சலிப்பான வேலைகள், அவ்வளவுதான். தசைநாருக்கு நல்லது, அதற்கு மேல் இல்லை. சுவீடனில் வால்வோ நிறுவனம் 1974இல் கால்மாரிலும் 1989இல் உத்தேவாலாவிலும் இன்னும் ஆழமாகப் போனது. உத்தேவாலாவில் ஓடும் வரிசையே கிடையாது; சிறு குழுக்கள் நின்ற இடத்தில் காரை முழுதாகப் பூட்டின. சாதாரண ஆட்கள் காரின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ள முடியும் என்பது அங்கே நிரூபணமானது. 1990களின் தொடக்கத்தில் விற்பனை சரிந்தபோது இரண்டு ஆலைகளும் மூடப்பட்டன. எப்படிப் பூட்டுவது என்பது குழுவின் கையில் இருந்தது, ஆலை இருக்கலாமா வேண்டாமா என்பது இல்லை.

அந்த இரண்டாவது அதிகாரத்தைத் தொட முயன்றது ஜெர்மனியின் 1976ஆம் ஆண்டுச் சட்டம்: 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், நிர்வாகத்தை மேற்பார்க்கும் கண்காணிப்புக் குழுவில் பாதி இடம் ஊழியர்களுக்கு. வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு. அந்தத் தலைவர் நடைமுறையில் பங்குதாரர்களின் ஆள். பாதி என்பது பாதிக்குச் சற்றுக் குறைவு. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் தொடங்கிய மொந்த்ராகோன் கூட்டுறவுகள் இன்னும் ஒரு படி மேலே போய் உடைமையையே தொழிலாளர்களுக்கு ஆக்கின. மேல் கூலிக்கும் கீழ்க் கூலிக்கும் இடையே வரம்பு வைத்தன. ஆனாலும் வெளிநாட்டுக் கிளைகளில் உறுப்பினர் அல்லாத கூலியாட்களை வைத்தன. அவற்றில் புகழ்பெற்ற வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் நொடித்துப்போனது. சந்தையின் போட்டி கூட்டுறவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதில்லை. அரசே உடைமையாளரானால் தீர்ந்துவிடும் என்பதற்கும் வரலாறு ஆதரவில்லை: 1918இல் லெனினே டெய்லரின் முறையைக் கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதினார். உடைமை மாறியும் கடிகாரம் பிடித்த கை அப்படியே இருந்தால், மார்க்ஸின் நான்கு பிளவுகளில் இரண்டாவது அசையாமல் இருக்கும்.

இதனால் எதையும் செய்ய வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு முயற்சியும் எந்தத் திருகாணியைத் தளர்த்தியது, எதைத் தொடவில்லை என்று பார்க்கலாம். பார்ப்பதற்குத் தகவல் வேண்டும். அங்கேதான் பத்திரிகைகளிடம் கேட்க எங்களுக்குச் சில உண்டு.

ஒரு புதிய ஆலையோ கிடங்கோ திறக்கும்போது ‘இத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு’ என்று எழுதுகிறீர்கள். கூடவே அவற்றில் எத்தனை வேலை ஒரு வாரத்துக்குள் பழகிவிடக்கூடியது என்று கேட்டு எழுதுங்கள். நிரந்தரம் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, ஓர் ஆண்டில் விட்டுப் போனவர்கள் எத்தனை என்பதையும் கேளுங்கள். விட்டுப்போவோர் விகிதத்தைச் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுதுங்கள். உற்பத்தித்திறன் கூடியது என்ற செய்தி வரும்போது, ஒரு சுற்றுக்கான நேரம் எத்தனை விநாடியிலிருந்து எத்தனைக்கு இறங்கியது என்று கேளுங்கள். 60 விநாடி 54 ஆனால், போன ஆறு விநாடி என்னவாக இருந்தது என்று வரிசையில் நிற்பவரிடம் விசாரியுங்கள். நெற்றியைத் துடைத்த நேரம், பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை பேசிய நேரம், முன்னால் இருப்பவர் சரியாகப் பூட்டாமல் விட்டதைச் சரிசெய்த நேரம் என்று பதில் வரும். மூன்றாவது போனதால்தான் பிறகு தரக்குறைவுப் புகார் வருகிறது, அதற்குத் தனியாக ஒரு சோதனையாளரை நியமிக்கிறார்கள், அந்தச் செலவு வேறு தலைப்பில் போகிறது.

பழுதைக் கண்டால் வரிசையை நிறுத்தும் கயிறோ பொத்தானோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், பெரும்பாலும் இருக்கும். கடைசியாக அதை இழுத்தவர் யார், இழுத்த பிறகு அவரிடம் என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தொழில் உறவுகளையும் கூலிக் கணக்குகளையும் தொடர்ந்து கவனித்துவரும் வாசகர்கள் சிலர்